ஆஃபர் லெட்டருக்கும் முதல் டிக்கெட்டுக்கும் நடுவே

ஆஃபர் லெட்டர் வந்த அன்று வீட்டில் கேசரி கிளறுகிறார்கள். சொந்தக்காரர்களுக்குப் போன் போகிறது. கல்லூரி வாசலில் கட்டும் ஃபிளெக்ஸில் பிள்ளையின் படம் ஏறுகிறது. அதற்குப் பிறகு ஜாயினிங் தேதி வராமல் ஓடும் மாதங்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. "இன்னும் கூப்பிடலையா?" என்று எதிர்வீட்டில் கேட்டால், "அடுத்த மாசம்" என்ற பதில் தயாராக இருக்கும். 2022-இல் படிப்பை முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அடுத்த மாதம் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் நிறுவனங்கள் அவசர அவசரமாக இணையத்துக்கு மாறியதால் இந்திய ஐ.டி. நிறுவனங்களில் வேலை குவிந்தது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். ஒரு லட்சம் ஃபிரெஷர்களையும் இன்ஃபோசிஸ் 85,000 பேரையும் எடுத்தன. பிறகு அமெரிக்காவில் வட்டி ஏறியது. அங்குள்ள வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். 2023-24-இல் டி.சி.எஸ்.ஸின் மொத்த ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. 2004-இல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகு முழு ஆண்டுக் கணக்கில் அங்கே ஆள் குறைந்தது அதுவே முதல் முறை. இன்ஃபோசிஸில் ஏறக்குறைய 26,000 பேர் குறைந்தார்கள். அந்த ஆண்டு அது எடுத்த புதியவர்கள் 11,900 பேர்தான். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் கொடுத்து முடித்தவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று மின்னஞ்சலில் கேட்டது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூர் வளாகத்தில் பயிற்சியில் இருந்த 300-க்கும் மேற்பட்ட புதியவர்கள், உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் 2022-இலேயே ஆஃபர் வாங்கிக்கொண்டு காத்திருந்தவர்கள்.

கல்விக் கடனுக்கு வங்கிகள் தரும் தவணை விலக்கு பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான். ஜாயினிங் தேதி தள்ளிப்போகும், தவணை தேதி தள்ளிப்போகாது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பது எந்தப் பிளேஸ்மென்ட் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

இந்தக் கேள்வியை எழுப்பச் சென்னையின் மேற்கு விளிம்பைவிடப் பொருத்தமான இடம் குறைவு. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் புறநகர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வேப்பம்பட்டு வருகிறது. சுற்றிலும் ஸ்ரீராம், பஜரங், ஜெயா, கொஞ்சம் தள்ளி பிரத்யுஷா, ஆவடியில் வேல்டெக், பூந்தமல்லிப் பக்கம் பனிமலர், எஸ்.ஏ. என்று பொறியியல் கல்லூரிகள். பட்டாபிராமில் இந்துக் கல்லூரி. கல்லூரிகள் இந்தப் பக்கம் இருக்க, வேலைகள் பெரும்பாலும் ஊரின் மறுகோடியில் இருந்தன. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு ஐ.டி. என்றாலே பழைய மகாபலிபுரம் சாலை என்றாகிவிட்டது. வேப்பம்பட்டிலிருந்து சிறுசேரிக்கு ஒருவர் போக வேண்டுமானால் சென்ட்ரல் வரை ஒரு ரயில், பார்க் டவுனில் ஏறித் திருவான்மியூர் வரை பறக்கும் ரயில், அங்கிருந்து பேருந்து. போக வர ஐந்து மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்விடும். நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் ஐ.டி. அலுவலகங்கள் வந்து சிலருக்கு இந்தத் தூரத்தைக் குறைத்தன.

இங்கிருந்து புறப்படும் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்பதற்கு இருபது ஆண்டுகளாக ஒரே விடைதான் சொல்லப்படுகிறது: இவர்கள் வேலைக்குத் தகுதியில்லாதவர்கள். 2005-இல் ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி, இந்தியப் பொறியாளர்களில் நான்கில் ஒருவர்தான் பன்னாட்டு நிறுவன வேலைக்குப் பொருந்துவார் என்றது. 2017-இல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் 36,000 மாணவர்களைச் சோதித்துவிட்டு, 4.77 சதவீதம் பேர்தான் சரியான தர்க்கத்தோடு ஒரு நிரலை எழுதினார்கள் என்று அறிவித்தது. இந்த எண்கள் தலைப்புச் செய்தியாகி, பெற்றோர் மனத்திலும் மாணவர் மனத்திலும் தங்கிவிட்டன. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் மாணவர்களிடம் கட்டணம் வாங்கித் தகுதித்தேர்வு நடத்திய நிறுவனம் என்பதைச் செய்தி எழுதிய பலர் சொல்லவில்லை.

எண்களை முழுக்கத் தள்ளவும் முடியாது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 2017 முதல் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் இருக்கிறது. பாடம் இருக்கிறது, அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு. ரெக்கார்டு நோட்டைத் திறந்து பார்த்தால் புரியும். வலப்பக்கம் கோடு போட்ட தாள்: நோக்கம், அல்காரிதம், புரோகிராம். இடப்பக்கம் வெற்றுத் தாளில் அவுட்புட், பெரும்பாலும் பக்கத்து பெஞ்சின் பிரிண்ட் அவுட்டை நறுக்கி ஒட்டியது. கடைசியில், நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதே வாக்கியம், கீழே சிவப்பு மையில் கையெழுத்து. தோற்றுப்போன ஒரு நிரல்கூட அந்த நோட்டில் இடம் பெறுவதில்லை. எந்த வரியில் பிழை வந்தது, எத்தனை முறை மாற்றிப் பார்த்தார், ஏன் முதலில் ஓடவில்லை என்று எழுத அதில் இடமே கிடையாது. வைவாவில் வெளித்தேர்வாளரும் அதைக் கேட்பதில்லை.

மென்பொருள் வேலையோ முழுக்க முழுக்க அந்த எழுதப்படாத பகுதியில்தான் நடக்கிறது.

ஒரு புதியவர் கைக்கு வரும் முதல் டிக்கெட்டை, அதாவது திருத்தச் சொல்லி வரும் முதல் பிழைக் குறிப்பை, எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுத் திரையில் தேதி தவறாகத் தெரிகிறது; மார்ச் 4 என்று வரவேண்டிய இடத்தில் ஏப்ரல் 3. அவர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், நாம் நாளை. கல்லூரிக் கணக்கில் இது ஒரு வரி. அலுவலகக் கணக்கில் முதலில் அந்த நிரலைப் பார்க்கவே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தருபவர் வேறு நாட்டில், நம் இரவில் விழித்திருப்பவர். அது வந்ததும் நிரல் நம் லேப்டாப்பில் ஓட மறுக்கும். ஏதோ ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பு வேண்டும். எந்தப் பதிப்பு என்பது டீமில் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் லீவில் இருப்பார். பிறகு, எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள். அதற்குள் தேடி அந்த ஒரு வரியைத் திருத்தி ரிவ்யூவுக்கு அனுப்பினால் சீனியரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "இதே ஃபங்ஷனை வேற எங்கெல்லாம் கூப்பிடறாங்கன்னு பாத்தீங்களா?" பார்த்திருக்க மாட்டார். இரவில் ஓடும் மாதாந்தர அறிக்கையும் அதே ஃபங்ஷனைத்தான் நம்பியிருக்கிறது. இந்தத் திருத்தம் அப்படியே போயிருந்தால் விடிவதற்குள் அது விழுந்திருக்கும்.

நான்கு வருடப் படிப்பில் அந்த ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அங்கே அவர் எழுதிய நிரல் எல்லாமே புதிது, சின்னது, தனி ஆள் எழுதி அன்றோடு மறந்தது. இங்கே வேலை என்பது அடுத்தவர் எழுதியதைப் படிப்பது, உடைக்காமல் மாற்றுவது, தெரியாததை நேரத்தோடு கேட்பது. முதல் ஆறு மாதம் அவர் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொள்வதற்குக் காரணம் அவரது மூளையில் இல்லை. வேறொரு தொழிலுக்குத் தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவுகிறது. ஒரு குழு எழுதிய கம்பைலரை இன்னொரு குழு விரிவாக்க எடுத்துக்கொண்டது. முழு ஆவணங்களும் கொடுத்தார்கள். தேவைப்பட்டபோது ஆலோசனையும் சொன்னார்கள். இருந்தும் இரண்டாம் குழு முன்வைத்த மாற்றங்கள் பல, மூல அமைப்பிலேயே இருந்த வசதிகளைக் கவனிக்காமல் மேலே ஒட்டுப்போடுவதாகவே அமைந்தன. எழுதியவர்களுக்கு அது பார்த்த உடனே தெரிந்தது. இதிலிருந்து நௌர் வந்த முடிவு: ஒரு மென்பொருளைப் பற்றிய உண்மையான அறிவு அதை உருவாக்கியவர்களின் மனத்தில் இருக்கிறது, காகிதத்துக்கு முழுதாக இறங்காது, புதியவர் அதைப் பெற வேண்டுமானால் தெரிந்தவர் அருகில் இருந்து வேலை செய்தாக வேண்டும். 

அண்மை ஆய்வு ஒன்று இதை எண்களால் காட்டுகிறது. நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமண்டா பலாய்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். தன் டீமோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, டீமைப் பிரிந்து உட்கார்ந்தவர்களைவிடத் தம் நிரலுக்குக் கருத்துகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் கிடைத்தன. கொரோனாவில் அலுவலகம் மூடியதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. இன்னொன்றையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள்: கூடவே உட்காரும்போது நிரல் எழுதும் அளவு குறைகிறது, முக்கியமாக சீனியர்களுக்கு. கற்றுக்கொடுப்பதற்கு விலை உண்டு. அதை சீனியர் தன் நேரத்தால் கொடுக்கிறார்.

மொத்தக் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாணவருக்கு என்ன தெரியவில்லை என்று இருபது வருடம் அளந்துவிட்டோம். முதல் வருடம் அவருக்குக் கற்றுத்தருவது யார் பொறுப்பு, அந்தச் செலவு யார் தலையில் என்பதை அளக்கவே இல்லை.

இதே மேற்குச் சென்னைக்கு அந்தக் கணக்கு ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும், அதே பத்தாண்டில் ஆவடியில் டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை. அப்ரண்டிஸ் சட்டம் வந்தது 1961-இல். ஐ.டி.ஐ. முடித்த பையன் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒரு டர்னருக்குப் பக்கத்தில் நின்று வேலை பழகினான். ஐ.டி.ஐ.யில் கற்றது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் அவனைத் தகுதியற்றவன் என்று நாளிதழில் எழுதவில்லை. போதாததைத் தொழிற்சாலை நிரப்பும் என்பது ஏற்பாடு. இன்று வேப்பம்பட்டிலிருந்து லேப்டாப் பையோடு கிளம்பும் பலரின் அப்பாவோ தாத்தாவோ அப்படித் தேறி வந்தவர்கள்தான். அந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. அப்ரண்டிஸ்களைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கிவிட்டு நிரந்தரமாக்காமல் அனுப்பிய கதைகள் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனாலும் கற்றுக்கொள்ளும் காலத்துக்குக் காசு கொடுத்தது முதலாளிதான்.

ஐ.டி. நிறுவனங்களும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தன. மெக்கானிக்கல், சிவில் படித்தவரையும் எடுத்து, மைசூரிலோ திருவனந்தபுரத்திலோ மாதக்கணக்கில் தங்கவைத்து, சம்பளம் கொடுத்து, நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பென்ச். ப்ராஜெக்ட் கிடைக்கும் வரை அங்கே உட்கார்ந்து படிக்கலாம். அந்தப் பெரும் பயிற்சித் திட்டங்களின் மூலமாகத்தான் தமிழ்நாட்டின் சிறு கல்லூரிகளிலிருந்து ஒரு தலைமுறை முழுவதும் உள்ளே போனது. 2010-க்குப் பிறகு அரைகுறையாகத் தொடங்கி, அண்மை ஆண்டுகளில் வேகமாக, அந்தச் செலவு நிறுவனத்தின் கணக்கிலிருந்து குடும்பத்தின் கணக்குக்கு மாறிவிட்டது. ஆஃபர் கொடுத்தபின் சேருமுன்னரே இணையவழிப் பாடங்களை முடிக்கச் சொல்கிறார்கள். அந்த மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. ஆறு மாத இன்டர்ன்ஷிப் கடைசி செமஸ்டரில் ஏறியது. வேளச்சேரியிலும் வடபழனியிலும் கோர்ஸ் நடத்தும் நிலையங்கள் பெருகின. பெரிய சேவை நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் மட்டும் நகரவே இல்லை: 2010-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைச் சுற்றி இருந்தது, இன்றும் டி.சி.எஸ்.ஸின் அடிப்படை நிலை 3.36 லட்சம்.

3.36 லட்சம் என்றால் மாதம் 28,000. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும் என்று சொல்லப்படும் கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் சி.டி.சி. என்ற அந்த மொத்தத் தொகைக்குள்ளேயே அடங்கும். தன் பங்கு பி.எஃப்.பும் போனால் கையில் நிற்பது இருபத்திரண்டாயிரத்தை ஒட்டி. பெருங்குடியில் சாப்பாட்டோடு பி.ஜி. எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. வீட்டிலிருந்தே போய்வந்தால் சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில்தான் அவர் புதிதாக எதையாவது படித்திருக்க வேண்டும்.

செலவு இப்படிக் குடும்பத்தின் மேல் இறங்கியதும் இடைத்தரகர்கள் வந்துவிட்டார்கள். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்தால் பேக்டோரில் வேலை என்று சொல்லும் கன்சல்டன்சிகள். இல்லாத கம்பெனியின் பெயரில் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் விற்பவர்கள். இதில் சிக்கும் பிள்ளைகளைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது, படிப்பில் இடைவெளி கூடாது என்று ஒரே சல்லடையை எல்லா நிறுவனங்களும் பிடித்தால், அதில் விழுந்தவருக்கு முன்வாசல் என்று ஒன்று மிச்சமில்லை. இருந்தாலும் பொய்ச் சான்றிதழ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அதைத் தொடவே கூடாது. பின்னணிச் சரிபார்ப்பு இரண்டு வருடம் கழித்தும் நடக்கும். அன்று போவது அந்த வேலை மட்டுமல்ல, அதுவரை உண்மையாக உழைத்த அனுபவமும் சேர்ந்துதான்.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதி வாங்கும் பாண்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் செலவை நீதிமன்றம் அங்கே கருத்தில் கொண்டது. பயிற்சியே கொடுக்காத கம்பெனியின் பாண்டுக்கும் அதுவே பொருந்தும் என்று எச்.ஆர். சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஐ.டி.க்குள் போனவர்கள் யார் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. மானிடவியலாளர்கள் சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2000-களின் நடுவில் சென்னை ஐ.டி. ஊழியர்களை ஆராய்ந்து எழுதியபோது, நகரத்து நடுத்தர வர்க்கமும் உயர்சாதியினரும் அங்கே அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக மனிதவள மேலாளர்களைச் சந்தித்துக் கேட்டபோது, குடும்பப் பின்னணியைப் பார்த்தே ஆள் எடுக்கிறோம் என்பதை அவர்கள் ஒரு தகுதியாகவே சொன்னார்கள். "அப்பா என்ன பண்றார்?" என்று எச்.ஆர். ரவுண்டில் கேட்டால், ஆட்டோ ஓட்டுபவரின் பிள்ளைக்கு அது சாதாரணக் கேள்வி அல்ல. 2007-இல் நுழைவுத்தேர்வு போனதும், 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்ததும், 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு பொறியியலுக்கு விரிந்ததும் கல்லூரி வாசலை அகலமாகத் திறந்தன. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை அது. கல்லூரியிலிருந்து வெளியே போகும் வாசல் அதே அளவுக்கு அகலமாகவில்லை.

ஆங்கிலம் என்று பொதுவாகச் சொல்கிறோம். நடைமுறையில் தடையாக நிற்பது இலக்கணத்தைவிடத் தயக்கம். கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வரை எல்லோரும் சார், மேடம். சீனியர் என்றால் அண்ணா, அக்கா. அலுவலகத்தில் இருபது வயது மூத்த மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். திருவள்ளூர் பக்கத்துப் பையன் அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாமல், அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை மேசை அருகில் நிற்பான். சந்தேகத்தை அன்றே கேட்காமல் இரண்டு நாள் தானே முட்டிக்கொள்வான். ரிவ்யூவில் பத்துக் கருத்து வந்தால் திட்டு விழுந்ததாக எடுத்துக்கொள்வான். சிறுவயதிலிருந்தே பெரியவர்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகிய நகரத்துப் பிள்ளைக்கு இவை எதுவும் தடையாகத் தெரியாது. பெண்களுக்கு இன்னொரு சுமை சேர்கிறது. அமெரிக்க நேரத்துக்கு மீட்டிங் முடிய இரவாகும். கேப் வசதிக்கு நிறுவனங்கள் ஓர் எல்லை வைத்திருக்கும். அது வேப்பம்பட்டு வரை நீளுமா என்பது சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. நீளாவிட்டால், "வேண்டாம்மா, பக்கத்துல ஏதாவது பாரு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பயிற்சியிலும் தேர்விலும் முதலில் நின்ற பெண் அங்கேயே நின்றுவிடுவாள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பாடங்களைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. 2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமில் 330 கோடி ரூபாய் செலவில் 21 தளங்களோடு டைடல் பார்க் திறக்கப்பட்டது. 5.57 லட்சம் சதுர அடி. 6,000 பேர் வரை வேலை செய்ய முடியும் என்கிறார்கள். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் மூன்று நான்கு நிலையங்கள்தான். இரண்டும் தேவையானவை. ஆனால் திறன் பாடம் என்பது மறுபடியும் மாணவரைத் தயார் செய்யும் வேலை. தயாராக வந்தவரை ஏற்றுப் பழக்கும் வேலை நிறுவனத்துக்குள் நடக்க வேண்டும். அதற்கு இன்னும் திட்டம் இல்லை.

இதற்கு நடுவில் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யால்ஃப்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து, செயற்கை நுண்ணறிவு அதிகம் புகுந்த வேலைகளில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் சரிந்திருப்பதாகச் சொன்னார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. மேலே சொன்ன தேதித் திருத்தத்தை இன்று ஒரு கருவி நொடியில் எழுதிவிடும். மாதாந்தர அறிக்கை விழுமா என்ற கேள்வியைக் கேட்க இன்னும் அந்த சீனியர் வேண்டும். அந்த சீனியர் உருவானதே அப்படிப்பட்ட நூறு டிக்கெட்டுகளில் அடிபட்டுத்தான். சின்ன வேலைகளைப் புதியவரிடமிருந்து பறித்துவிட்டால் பத்து வருடம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் எங்கிருந்து வரும்? நிறுவனங்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை நீக்கியது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயன்ஸ் இடங்களைக் கூட்டின. ஆள் எடுப்பது குறையும் நேரத்தில் படிப்பவர்கள் கூடுகிறார்கள். இந்த ஆண்டு கவுன்சிலிங்கில் நிற்கும் குடும்பங்களுக்கு இதை யாராவது நேராகச் சொல்ல வேண்டும்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 1997 முதல் மென்பொருளுக்கே மூன்று ஆண்டுத் தொழிற்பழகுநர் படிப்பு உண்டு. கொஞ்சம் பள்ளி, பெரும்பகுதி நிறுவனம், முதல் மாதத்திலிருந்து ஊதியம். இங்கேயே மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தன் வளாகத்திலேயே பயிற்றுவிக்கிறது. விப்ரோ 1990-களிலிருந்தே பி.எஸ்சி. போன்ற பட்டதாரிகளை வேலையில் சேர்த்துக்கொண்டு, பிட்ஸ் பிலானியோடு இணைந்து மேற்படிப்பும் தந்தது. பட்டாபிராம் இந்துக் கல்லூரியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் பட்டம் இல்லாத குறை அத்தகைய இடத்தில் தெரியாது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: கற்கும் காலத்தை நிறுவனம் தன் செலவாக ஏற்கிறது.

கல்லூரிகள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உடனே செய்யக்கூடியது. ரெக்கார்டு நோட்டில் ஓடாத நிரலுக்கும் ஒரு பக்கம் கொடுக்கலாம். முந்தைய பேட்ச் எழுதிய ப்ராஜெக்டை இந்த பேட்ச் கையில் கொடுத்து, அதில் உள்ள பிழையைத் திருத்தச் சொல்லலாம். இறுதியாண்டு ப்ராஜெக்டை விலைக்கு வாங்கும் பழக்கமும் அதோடு பாதி ஒழியும். ஃபிளெக்ஸில் ஆஃபர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், எத்தனை பேர் உண்மையில் வேலையில் சேர்ந்தார்கள் என்ற எண்ணையும் போட வேண்டும்.

பெரிய பங்கு நிறுவனங்களுடையது. ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி இருக்க வேண்டும். அது தள்ளிப்போனால் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். புதியவரோடு உட்கார்ந்த நேரத்துக்கு சீனியரின் டைம்ஷீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். கிளையன்டுக்குப் பில் போட முடியாத நேரம் என்று அதை வெட்டினால் யாரும் யாருக்கும் சொல்லித்தர மாட்டார்கள். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். உதவித்தொகை உண்டு, காலவரையறை உண்டு, பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. பட்டாபிராம் டைடலில் தளம் எடுக்கும் ஒவ்வொரு நிறுவனத்தோடும் போடும் வாடகை ஒப்பந்தத்திலேயே, இந்த விகிதத்தில் எத்தனை பேரை இதே ரயில் பாதையில் உள்ள கல்லூரிகளிலிருந்து எடுப்பார்கள், அவர்களுக்கு யார் சொல்லித்தருவார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள அரசால் முடியும். கட்டடத்தில் தளங்கள் நிரம்புவதற்கு முன்னால் கேட்க வேண்டிய விஷயம் இது.